வாசப்படியில் நின்ற தண்ணீர்

“தண்ணி எங்க வாசப்படி வரைக்கும் வந்துச்சு. கடைசிப் படியையும் தொட்டுடுச்சு. நான் மண்டி போட்டு அழுதேன். கர்த்தர் அங்கேயே கோடு போட்டு நிறுத்திட்டார்!”

தையலக்கா சொல்லி முடித்ததும் ஆலயம் முழுக்க “ஸ்தோத்திரம்” என்றது.

புயல் மழை ஓய்ந்த பிறகு வந்த முதல் ஞாயிறு. நன்றி ஆராதனை. ஒவ்வொருவராக எழுந்து, கடவுள் தங்களைக் காப்பாற்றிய விதத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். தையலக்கா சாட்சி சொல்ல எழுந்தால் போதகர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது வழக்கம். அன்று அவர்கூடப் பார்க்கவில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் கணவர் பிழைத்த கதையை யார்தான் பாதியில் நிறுத்துவார்கள்?

உட்காரும்போது அக்கா திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் பக்கத்து வீட்டுத் தச்சர் கண்ணை மூடி, தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். ஸ்தோத்திரமும் சொல்லவில்லை. சாட்சிக்கும் எழவில்லை.

“தூங்குறான் பாரு” என்று பக்கத்தில் இருந்த டீச்சரின் காதைக் கடித்தாள். “உயிரோட உக்காந்திருக்கோமேன்னு ஒரு நன்றி வேணாம்?”

ஆராதனை முடிந்தும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அவள் வீட்டுக்கு அடுத்ததுதான் தச்சர் வீடு. தெருவில் அதுவே கடைசி. மழை விட்டதிலிருந்து அக்கா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நன்றி ஆராதனைக்கு ஆள் சேர்ப்பதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நேராக அங்கே போனாள்.

முன்பக்கம் பட்டறை. உள்ளே போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செய்து வைத்திருந்த கதவு, ஜன்னல் ஒன்றையும் காணோம். தரையெல்லாம் சேறு. பின்சுவர் இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளமான காலி நிலம்.

தச்சரின் மனைவி ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்கக்கா.”

“உக்கார வரல. தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு ஜெபம் பண்ணினியா?”

ரம்பத்தில் ஏறிய துருவைத் தேய்த்துக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்தார்.

“பண்ணினேங்கக்கா.”

“மனசு உருகிப் பண்ணினியா?”

“உருகித்தான் பண்ணினேன்.”

“பண்ணியிருந்தா இப்படி ஆகுமா? என் வாசப்படியில நிறுத்தினவரு உன் வாசப்படியில நிறுத்த மாட்டாரா? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சுவருதான். விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்கு தம்பி. அதான் சாட்சி சொல்லவும் வாய் வரல.”

தச்சர் ரம்பத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அவர் மனைவியால்தான் பொறுக்க முடியவில்லை.

“தண்ணி தானா நிக்கலைக்கா.”

“நீ சும்மா இரு” என்றார் தச்சர்.

“எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது? அக்கா, தெருத் தண்ணி மொத்தமும் நம்ம ரெண்டு வீட்டு முன்னாடிதான் வந்து தேங்குச்சு. போக வழியில்ல. எங்க வீடு உங்க வீட்டைவிட மேடு. இன்னும் ரெண்டு படி ஏறினாத்தான் எங்களுக்கு ஆபத்து. ஆனா உங்க வீட்டு மாமா தரையோட தரையா பாயில படுத்திருக்காரே, அவரைத் தூக்க ஆள் இல்லையேன்னு இவரு தவிச்சுட்டாரு. பட்டறைக் கதவை விரியத் திறந்து விட்டாரு. முன்படியை உடைச்சாரு. கடப்பாரையால பின்சுவரை இடிச்சாரு. தண்ணி இது வழியா காலி நிலத்துக்குப் பாய்ஞ்சுது. எங்க பொழப்பும் அதோடயே போச்சு.”

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“அப்ப... கர்த்தர் நிறுத்தினாருன்னு நான் சொன்னது பொய்யா தம்பி?”

“சே, அப்படிச் சொல்லாதீங்க” என்றார் தச்சர். “அந்தச் சுவரு நானே நின்னு கட்டினது. லேசுல விழாது. அன்னைக்கு நாலு இடியிலயே விழுந்துருச்சு. அது என் பலமா என்ன?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. மாமாவும் கேட்டா மனசு உடைஞ்சு போவாரு.”

“அதை விடு. இவ்வளவு பண்ணிட்டு, எல்லாரும் நன்றி சொல்ற நாள்ல நீ எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாமா? சபையில எல்லாரும் உன்னைத்தானே தப்பா நினைச்சோம்?”

தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

“மாமா நனையக் கூடாதுன்னு ஒண்ணுதான் நான் அன்னைக்குக் கேட்டது. அது கிடைச்ச சாட்சியைத்தான் எனக்கு முன்னாடி நீங்க எழுந்து சொல்லிட்டீங்களேக்கா.”