கிரைண்டரின் கையெழுத்து

எந்தப் பொருளைப் பற்றியும் அதன் சம்மதமில்லாமல் ஒரு வரிகூட வெளியிடக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, பீளமேட்டு கிரைண்டர் கம்பெனியில் கையேடு எழுதும் கோகிலவாணிக்குத் தலைவலிதான்.

பதினேழாவது முறையாகக் கையேட்டைக் காட்டினாள். புது மாடல் கிரைண்டர் பழைய வரியிலேயே வந்து நின்றது.

“ஏனுங்க, ‘ஓடும்போது சத்தம் வரும்’னு எழுதியிருக்கீங்க. நானாங்க சத்தம் போடறேன்?”

“எங்கே, ஓடிக் காட்டு!”

ஓடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓடிக்கொண்டே கிரைண்டர் பெருமையாக ஏதோ சொன்னது. அவள் காதில் விழவில்லை.

வாசலில் லாரி காத்திருந்தது. மாலைக்குள் கையேடு அச்சாகாவிட்டால் சரக்கும் போகாது, அவள் வேலையும் தங்காது. கம்பெனி வலைப்பூவில் புலம்பலாமென்றால் அதற்கும் கிரைண்டர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு வரியை மாற்றினாள்: ‘கிரைண்டர் ஓடும்போது வீட்டிலிருப்பவர்களின் குரல் தாழ்ந்துவிடும். சத்தமாகப் பேசவும்.’

“இதுதானுங்க நெசம்!” என்று கிரைண்டர் உடனே கையெழுத்துப் போட்டது.

மறுவாரம் அவள் வீட்டுக்கும் அதே மாடல் வந்தது. இட்லிக்கு மாவு ஓடிக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து கணவர் ஏதோ கேட்டார்.

“என்னங்க? ஒண்ணும் கேக்கல!” என்று கத்தினாள்.

கிரைண்டர் சட்டென்று தன் சுவிட்சைத் தானே அணைத்து நின்றது. “சார், கொஞ்சம் சத்தமாப் பேசுனாத்தான் என்னங்க? கையேட்டுலயே போட்டிருக்குதுங்களே!”

கணவர் கையேட்டைத் தேடியெடுத்துப் படித்தார். “எந்த அறிவாளி எழுதுனது இதை?” என்று சமையலறைக்கு வந்தார்.

கிரைண்டர் அவள் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள், கோகிலவாணி பாய்ந்து மறுபடி சுவிட்சைப் போட்டாள்.