புதுப் பம்பு கேட்ட கேள்வி

ஓசோனால் குடிநீரைச் சுத்தம் செய்யும் கருவிக்குள் புதிதாக வந்த காற்றுப் பம்பு, பக்கத்திலிருந்த குழாயிடம் கேட்டது: "அண்ணே, எனக்கு முன்னால் இருந்தவர் எப்படிப் போய்ச்சேர்ந்தார்?"

"வயிற்றில் தண்ணீர் ஏறிவிட்டது, தம்பி."

"காற்று ஊதுகிறவர் வயிற்றில் தண்ணீரா? எப்படி?"

"என் வழியாகத்தான். தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது இந்த வால்வின் வேலை. அவரையே கேள்."

வால்வு முனகியது: "என் ரப்பர் கிழிந்து வெகுநாளாயிற்று. வெளியே தெரிந்தால் என்னை மாற்றிவிடுவார்கள்."

"தெரியாவிட்டால் நானல்லவா சாக வேண்டும்!"

அதற்குள் மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். பம்பு பயத்தில் அசையவே இல்லை.

"இது மட்டமான பம்பு, அம்மா. நாளைக்கு வேறு கொண்டுவருகிறேன்" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி அதைக் கழற்றினார்.

"அப்பாடா!" என்றன, பம்பும் வால்வும் ஒரே மூச்சில்.