மூக்குள்ளவர்கள் வெளியே

“உனக்கு மூக்கு இருக்குடி. முதல்ல வெளியே போ!”

கட்டிலில் கிடந்த தலைமையாசிரியை, மகளை விரட்டினாள். விரிப்பு நனைந்திருந்தது, நனைந்தது மட்டுமென்றால் பரவாயில்லை.

“நீ பெத்த பொண்ணும்மா நான். என்கிட்ட என்ன வெட்கம்?”

“அண்ணியக் கூப்பிடு.”

“அண்ணி மட்டும் என்ன ஒசத்தி?”

“அவளுக்குத்தான் வாசமே தெரியாதே.”

இரண்டு மாதத்துக்கு முன் வீட்டுக்குள் நுழைந்த வைரஸ் காய்ச்சல் நாலே நாளில் போய்விட்டது. சும்மா போகவில்லை. மருமகளுக்கு வாசனை நரம்பைச் சாகடித்தது. மாமியாருக்கு இடுப்புக்குக் கீழே நரம்புகளை முடக்கிப் போட்டது. “மெதுவாத்தான் மீளும், பொறுத்துக்கங்க” என்றார் டாக்டர்.

பொறுக்கலாம். ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகமும் காலரும் பார்த்தவள், இப்படி நாறிக் கிடப்பதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்? யார் உள்ளே வந்தாலும் அவர்கள் மூக்கையே பார்த்தாள். அது லேசாகச் சுருங்கினால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மருமகள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“வாம்மா, மூக்கில்லாதவளே.”

“வந்துட்டேன். கையைக் குடுங்க அத்தை, புரட்டறேன். வேலை முடிஞ்சதும் மார்க் போடுங்க.”

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் வெந்நீரில் துணியை நனைத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே துடைத்தாள். பழைய விரிப்பைச் சுருட்டி வாளியில் போட்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் மாமியார், அவள் முகத்தைப் பார்க்காமல். “நான் எழுந்திருக்கற வரைக்கும் உன் மூக்கு சரியாகிடக் கூடாதுன்னு தினமும் நெனைச்சுக்கறேன். எவ்வளவு பெரிய பாவி பாரு.”

“உங்க நெனைப்பு பலிச்சுட்டுத்தான் இருக்கு அத்தை. வாளியும் ஒண்ணுதான் எனக்கு, வாசனை சோப்பும் ஒண்ணுதான்.”

மருமகள் சிரித்துக்கொண்டே புது விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகினாள். ஜன்னல் வழியே காற்று ஒரு சுற்று உள்ளே வந்தது.

“பக்கத்து வீட்டுல பெயிண்ட் அடிக்கறாங்க போல. அப்பா, என்ன நெடி! ஜன்னலச் சாத்திடறேன்.”

தாழ்ப்பாளில் அவள் கை அப்படியே நின்றது.

தலைமையாசிரியைக்குக் காதுமடல் வரை சுட்டது. இத்தனை நாளும்!

“பெயிண்டா? எனக்கு ஒண்ணும் தெரியலையே” என்றாள், கண்ணை எரிய வைத்த அந்த நெடியில் மூச்சை அடக்கிக்கொண்டு. “என் மூக்கும் போயிடுச்சு போல.”