போதும் என்கிற வரை

“காலி நாற்காலியை எவன்யா இவ்வளவு நேரம் பார்ப்பான்? வெட்டு” என்றார் தயாரிப்பாளர்.

“எவ்வளவு வெட்டினாலும் அந்தக் காட்சி தினமும் வளருதுண்ணே” என்றான் படத்தொகுப்பாளன்.

“வளர்றதுக்கு அது என்ன உன் தாடியா?” தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

படம் அவனுடைய அக்கா இயக்கியது. ஜன்னலோர நாற்காலியை ஒரு காலையில் படம்பிடித்தாள், மறுவாரம் இறந்துபோனாள். “பொறுமையா பாருடா, சாமி வந்து உக்காரும்” என்பாள். காட்சியை முடிக்க ‘கட்’ சொல்லமாட்டாள்; “போதும்டா” என்பாள். அந்தக் குரலுக்காகத்தான் அவன் திரும்பத் திரும்ப ஓட்டினான். குரல் வரவில்லை, காட்சிதான் நீண்டது.

இன்று திரையில் அந்த நாற்காலியின் மேல் அந்திவெயில் இறங்கியது. கைகூப்பாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கேமராவுக்குப் பின்னால் யாரோ பேசுவதற்காக மூச்சை இழுத்தார்கள்.

பதறிப்போய்த் திரையை நெருங்கினான். “சொல்லிடாதக்கா. இன்னும் கொஞ்ச நேரம்...”