கணிப்புக்கு மாறான தட்டு

எங்கள் கல்லூரியில் பிஎஸ்சி மாணவர்களின் ஆய்வு முடிவைக் கணினி முதலிலேயே சொல்லிவிடும். அதற்கு ஒத்துவரும்படி ஆய்வு செய்வது மாணவர் வேலை. ஒத்துவந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது, நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய என் வேலை.

ஜெசிந்தா எடுத்துக்கொண்டது, அவள் அம்மாவின் கால்புண்ணில் இருந்த, எந்த மருந்துக்கும் மசியாத கிருமி. உப்பளத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையோடு அதை ஒரே ஆய்வகத் தட்டில் வளர்த்தாள். ஒருநாள் தட்டை நீட்டினாள். பூஞ்சையைச் சுற்றிக் கிருமியே இல்லை.

“செத்துட்டு சார்.”

“சாகக் கூடாதும்மா. சாகாதுன்னு கணினி சொல்லியிருக்கு.”

“அது கிருமிக்குத் தெரியாதே சார்.”

சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். “மாறி வந்தா ஃபெயில். டிகிரி போயிரும். வீட்டுல சம்பாதிக்க வேற ஆளிருக்கா?”

இல்லை. தட்டில் உள்ளதையெல்லாம் நீராவியில் அவித்துக் கொல்லும் ஆட்டோகிளேவில் அதை வைத்தாள். மூடியை நானே இறுக்கினேன்.

கணினி சொன்னதையே முடிவாக எழுதி நூற்றுக்கு நூறு வாங்கினாள். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். சேலைக்குக் கீழே ஒரு பாதம்தான் தெரிந்தது. அந்தத் தட்டைப் பற்றி ஜெசிந்தா அவரிடம் எதையும் சொல்லவில்லை போலும். அந்தம்மா என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளயக் கரையேத்திட்டீய சார். நீங்க நல்லாயிருக்கணும்.”