எடுத்துவிட்ட உத்தரம்

நியூ ஜெர்சியின் இருநூறு வருடத்துப் பண்ணை வீட்டில், புதுச் சமையலறை வரை சாயங்கால வெயில் தடையில்லாமல் நீள்கிறது. வீட்டை ஜெயசெல்வி தம்பதிக்கு விற்ற வால்டர் அங்கிள் பார்க்க வந்திருக்கிறார். ஆறடி உயரம், எண்பது வயது, கையில் தொப்பி. "உத்தரத்தை எடுத்துட்டு சமையலறை வாசலை உயர்த்திட்டோம்னு இவர்கிட்ட யாருங்க சொல்றது?" என்று கணவன் கிருபைராஜின் காதைக் கடிக்கிறாள் ஜெயசெல்வி. "நான் தினம் தலையை இடிச்சுக்கிறதைப் பார்த்து நீதானே ரீமாடல் பண்ணச் சொன்ன?" அதற்குள் அவர் அந்த வாசலை நெருங்கிவிடுகிறார். பழக்கத்தில் தலையைக் குனிந்து, உத்தரத்தைத் தொடக் கையைத் தூக்குகிறார். கை வெறும் வெளிச்சத்தில் நிற்கிறது. மெல்லத் திரும்பிப் பார்க்கிறார். காபித் தட்டோடு பின்னால் வரும் ஐந்தடி ஜெயசெல்வி, நன்றாகவே குனிந்து உள்ளே நுழைகிறாள்.