தெளிந்த பிறகு கேள்

"நான் இன்னா கேட்டாலும் பதில் சொல்ல மாட்டீங்களா அக்கா?"

"மாட்டேன் தம்பி. காளான் உள்ள போயிட்டா நீ பேசறது உன் பேச்சு இல்ல. ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். தெளிஞ்ச பெறகு அதையே கேளு. அப்போ சொல்றேன்."

சின்னப்பொண்ணு இதை எல்லாரிடமும் சொல்வாள். மயக்கும் காளானைத் தேடி வெள்ளிமலை ஏறி வருகிறவர்களுக்குக் காவலாக உட்காருவது அவள் வேலை. தெளியும்வரை எழுந்து போக மாட்டாள். கேட்காமல் தொட மாட்டாள். வலிப்பு உண்டா, நெஞ்சுவலி உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுவாள். அவசரத்துக்கு வாசலில் ஒரு ஜீப் நிற்காமல், தேனில் ஊறிய காளானை ஜாடியிலிருந்து எடுக்கவே மாட்டாள்.

தனசேகரன் கச்சிராயபாளையத்துக்காரன். இருபத்தைந்து வயது இருக்கும். தலையாட்டிவிட்டு, காளான் வைத்த தொன்னையைக் கையில் வாங்கிக்கொண்டான்.

வெளியே ஜீப் உறுமியது.

அவள் பதறி வாசலுக்கு ஓடினாள். "எங்கடா கெளம்பிட்ட?"

"எங்கயும் போலக்கா. மழைக்கு வண்டி வெறைச்சிப் போயிடும், சூடு பண்ணிக்கினு இருக்கேன்," என்றான் டிரைவர் பழனி. "உள்ள இருக்கறவரு சொர்க்கம் போய்ச் சேந்துட்டாரா, இல்ல இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கிறாரா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாதமாக, எந்த வண்டி எங்கே உறுமினாலும் அவள் இப்படித்தான் வாசலுக்கு ஓடுகிறாள்.

திரும்பி வந்தபோது தனசேகரன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். கையில் தொன்னை இல்லை.

அவள் எதிரே உட்கார்ந்தாள். தகரக் கூரை மேல் மழை விட்டுவிட்டுப் பெய்தது. சாமைக் கொல்லையிலிருந்து ஈரக்காற்று வந்து போனது. காலை நீட்டினாள், மடக்கினாள்.

அரைமணி நேரம் கழித்து அவன் பேசத் தொடங்கினான்.

போன மாதம், அந்த எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போது மலையடிவாரத் திருப்பத்தில் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் அவனும் ஒருவன். தம்பிக்கு ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பித்தான் கோடரியைத் தூக்கினானாம். மரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டான். பின்சீட்டில் ஒரு பெரியவருக்கு வலிப்பு. யாரும் மரத்தை நகர்த்தவில்லை. அவனும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றான்.

"அவரு தலைய மடியில வச்சிக்கினு இருந்தது நீங்கதானே?"

தெளியும்வரை பதில் இல்லை என்பது அவளே வைத்த விதி.

காளான் தின்றவர்கள் கதையை எங்காவது நடுவிலிருந்து இழுப்பார்கள். இவன் முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறானே என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ராஜாங்கத்தின் முகம் வந்து அதை மறைத்துவிட்டது.

காளான் தேடி வந்த ரிஷிவந்தியத்து ராஜாங்கம். பொழுது சாய்வதற்குள், அந்த மரத்துக்கு முன்னாலேயே, அவள் மடியில் போய்விட்டார். மரம் மறித்துவிட்டது என்று அவர் மகளுக்குப் பழனியிடம்தான் சொல்லி அனுப்பினாள். தான் நேரில் போகவில்லை.

எப்படிப் போவாள்? மறியல் வரப்போகிறது என்று பஸ்ஸில் வந்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். மலைப்பாதைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நினைத்து, தெரிந்தேதான் அவருக்காக ஜாடியைத் திறந்தாள். பழனிக்குக்கூட இது தெரியாது.

"அவரு மவ செந்தமிழ்ச்செல்விகிட்ட நான் நேர்ல சொல்லணும். தனியா போவ தைரியம் இல்ல. என்னெக் கூட்டிக்கினு போறீங்களா அக்கா?"

அவள் மூச்சை மெல்ல விட்டாள். நல்லவேளை, விதி இருக்கிறது. நாளைக்குத் தெளிந்ததும் இவன் மறந்துவிடக்கூடும். மறக்காவிட்டாலும் அதற்கு ஓர் இரவு இருக்கிறது.

பார்வையைத் தாழ்த்தினாள். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓர் எறும்புச் சாரை தரையில் நீண்டு வந்தது. அது புறப்பட்ட இடத்தில் தொன்னை இருந்தது. தேன் விளிம்பு வரை அப்படியே நின்றது. காளான் ஒன்றுகூடக் குறையவில்லை.

அவன் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான். ஒளிக்கவில்லை.

வெளியே பழனி ஹாரன் அடித்தான். பாதையில் இன்றைக்கு ஒரு மரமும் விழுந்திருக்கவில்லை.

"தெளிவாத்தான் கேக்கறேன் அக்கா. கூட்டிக்கினு போறீங்களா?"